பழைய அமெரிக்க பிக்கப்பில் ஏர் பம்ப்: பைபாஸ் செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1980-களில் வந்த ஃபோர்டு எஃப்-150 அல்லது ஷெவ்ரோலெ சி10 பிக்கப்பின் பானட்டைத் திறந்தால், முன்பக்கம் பெல்ட்டில் ஓடும் சாமான்களில் ஒன்று மட்டும் பலருக்குப் பிடிபடாது. ஆல்டர்னேட்டர் தெரியும், வாட்டர் பம்ப் தெரியும், பவர் ஸ்டியரிங் பம்ப்பும் தெரியும். அவற்றின் பக்கத்தில் ஓர் அலுமினிய உருளை, அதற்கு ஒரு புல்லி, பின்னாலிருந்து கிளம்பும் தடித்த ரப்பர் ஹோஸ். ஹோஸின் மறுமுனை ஒரு வால்வுக்குப் போய், அங்கிருந்து இரும்புக் குழாய்களாகப் பிரிந்து எக்ஸாஸ்ட் பக்கம் இறங்கும். இதுதான் ஏர் பம்ப். அமெரிக்க மெக்கானிக்குகள் ஸ்மாக் பம்ப் என்பார்கள். ஃபோர்டு தன் அமைப்புக்கு தெர்மாக்டர் என்று பெயர் வைத்தது, ஜெனரல் மோட்டார்ஸ் ஏ.ஐ.ஆர். என்றது. இந்தப் பம்ப்பை விட்டுவிட்டு எஞ்சினை ஓடவைப்பதுதான் பைபாஸ்.

நம் ஊர் லாரிகளில் ஏர் கம்ப்ரசர் பார்த்துப் பழகியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. அது பிரேக்குக்காகக் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்ப்பது. அதைக் கழற்றினால் பிரேக் வேலை செய்யாது. இங்கே பேசப்படும் பம்ப் பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும் உரியது, பிரேக்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டீசல் எஞ்சினின் புகையில் ஆக்சிஜன் ஏற்கெனவே மிஞ்சியிருக்கும் என்பதால் அதற்கு இப்படியொரு பம்ப் தேவைப்படவில்லை.

பம்ப் செய்யும் வேலை

கார்புரேட்டர் காலத்து பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் முழுதாக எரிந்து முடிவதில்லை. சோக் இழுத்த நிலையில், குளிர்ந்த எஞ்சினில், ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போது எரியாத பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே வெளியேறும். அந்தப் புகை அப்போதும் நல்ல சூடாக இருக்கும். சுமையோடு ஓடும் எஞ்சினில் வால்வைத் தாண்டிய இடத்தில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். எரிய வேண்டியதும் இருக்கிறது, சூடும் இருக்கிறது, இல்லாதது ஆக்சிஜன் மட்டும். புகைந்துகொண்டிருக்கும் விறகடுப்பை ஊதுகுழலால் ஊதினால் புகை தீயாக மாறுகிறதல்லவா, பம்ப் செய்வதும் அதேதான். எக்ஸாஸ்ட் வால்வுக்கு அருகிலேயே காற்றை ஊதி, மிச்சத்தைக் குழாய்க்குள்ளேயே எரித்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது.

இது முதலில் வந்தது கலிஃபோர்னியாவில். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கண் எரிச்சல் மூட்டத்துக்கு வாகனப் புகையும் சூரிய வெளிச்சமும் சேர்ந்து நடத்தும் வேதி வினையே காரணம் என்று கால்டெக் பல்கலைக்கழக விஞ்ஞானி ஆரி ஹாகன்-ஸ்மித் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். 1966 மாடல் கார்களிலிருந்து அந்த மாநிலம் எக்ஸாஸ்ட் புகைக்கு வரம்பு வைத்தது. ஏர் பம்ப் அதற்குக் கிடைத்த சுருக்கமான பதில். எஞ்சினை மாற்ற வேண்டாம், வெளியே ஒரு பம்ப்பை மாட்டினால் போதும். 1975 மாடல்களில், புகையை வேதி வினையால் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தபோதும் பம்ப் போய்விடவில்லை. கன்வெர்ட்டருக்கும் எரிக்கக் காற்று வேண்டுமே.

பிக்கப்களில் இந்தக் கதை கொஞ்சம் வளைந்து போகிறது. 1975-இல் ஃபோர்டு எஃப்-150 வந்ததற்கே ஒரு காரணம், வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடைக் கணக்கு 6,000 பவுண்டைத் தாண்டும் வண்டிகளுக்கு அப்போது விதி தளர்வாக இருந்தது. கன்வெர்ட்டர் இல்லாமலே அதை விற்க முடிந்தது. ஆகவே 70-களின் பிக்கப்பில் பம்ப் இருந்து கன்வெர்ட்டர் இல்லாமல் இருக்கலாம். 80-களின் வண்டியில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். உங்கள் வண்டியில் என்ன வந்தது என்பதற்கு ஊகம் வேண்டாம். ரேடியேட்டரைத் தாங்கும் பட்டையிலோ வால்வ் கவரிலோ பானட்டின் அடியிலோ எமிஷன் லேபிள் ஒட்டியிருக்கும். வேக்கம் ஹோஸ்களின் (எஞ்சினின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டுசெல்லும் சின்ன ரப்பர் குழாய்கள்) வரைபடமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். எதையும் தொடுவதற்கு முன் அதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று போகும் பாதை

பம்ப்பின் உள்ளே மையத்திலிருந்து சற்று விலகிய அச்சில் இறக்கைகள் சுழலும். புல்லிக்குப் பின்னால் காற்றாடி போல் தெரியும் பிளாஸ்டிக் சக்கரம்தான் ஃபில்டர். சுழற்சியில் தூசியை வெளியே வீசிவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். எஞ்சினைக் கழுவும்போது அந்த இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது என்பது இதனால்தான். பம்ப் தரும் அழுத்தம் மிகக் குறைவு, டயருக்குக் காற்றடிக்க உதவாது. அளவு மட்டும் தாராளம்.

பம்ப்பை விட்டு வெளியே வந்த காற்றுக்கு மூன்று வழிகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கோ (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய்) மேனிஃபோல்டுக்கோ (அந்த வாய்களை ஒன்றுசேர்க்கும் குழாய்) போகும். சூடான பிறகு கீழே கன்வெர்ட்டருக்குப் போகும். அந்தக் காலத்துக் கன்வெர்ட்டர் பலவற்றில் உள்ளே இரண்டு அடுக்கு உண்டு. முதல் அடுக்கு நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும், அதற்கு ஆக்சிஜன் அதிகம் இருக்கக் கூடாது. இரண்டாவது அடுக்கு மிச்சத்தை எரிக்கும், அதற்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். அதனால் காற்றுக் குழாய் இரண்டுக்கும் நடுவில் போய்ச் சேரும். மூன்றாவது வழி வெளியே, வளிமண்டலத்துக்கு. ஆக்ஸிலரேட்டரைப் படக்கென்று விட்டால் வேக்கம் எகிறி, எரியாத பெட்ரோல் மொத்தமாக எக்ஸாஸ்டுக்குள் போகும். அந்த நொடியில் காற்றும் சேர்ந்தால் சைலன்சரில் டமார் என்று வெடிக்கும். அதைத் தவிர்க்க டைவர்ட்டர் வால்வு சில வினாடிகள் காற்றை வெளியே தள்ளிவிடும். கம்ப்யூட்டர் வைத்த ஃபோர்டு வண்டிகளில் இந்த வேலையை மின்சாரத்தால் இயங்கும் இரண்டு சோலனாய்டு வால்வுகள் பார்க்கின்றன. ஒன்று வெளியே விடுவதா வேண்டாமா என்பதற்கு, மற்றது போர்ட்டுக்கா கன்வெர்ட்டருக்கா என்பதற்கு.

இத்தனைக்கும் கடைசியில், இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில், செக் வால்வு இருக்கிறது. பார்க்க ஒரு தகர டப்பா. காற்றை எக்ஸாஸ்ட் பக்கம் போகவிடும், சூடான புகையைத் திரும்பி வரவிடாது. இந்த அமைப்பு முழுவதிலும் விலை குறைந்த சாமான் இதுதான். பம்ப்பைக் கொல்வதும் பெரும்பாலும் இதுதான்.

கழற்றினால் மைலேஜ் கூடுமா?

கூடாது. குறைந்தபட்சம் பெட்ரோல் பங்க்கில் தெரியும் அளவுக்குக் கூடாது. இந்தப் பம்ப்பைப் பற்றி நெடுங்காலமாகச் சுற்றிவரும் நம்பிக்கை, அது எஞ்சினின் பலத்தைத் தின்கிறது என்பது. இத்தனை குறைந்த அழுத்தத்தில் காற்றைத் தள்ளுவதற்குப் பெரிய சக்தி தேவையில்லை. கையால் சுழற்றிப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு நம்பிக்கை, பம்ப்பை எடுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவை முடிவு செய்யும் ஜெட்டை மாற்ற வேண்டும் என்பது. தேவையில்லை. பம்ப்பின் காற்று சேருவது சிலிண்டரில் எரிந்து முடிந்த பிறகு. உள்ளே போகும் கலவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 60-களின் சில எஞ்சின்களில் டைவர்ட்டருக்குப் பதிலாக இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றை விடும் கல்ப் வால்வு இருந்தது. அது ஒன்றுதான் விதிவிலக்கு. அந்த ஹோஸைக் கழற்றினால் இன்டேக் பக்கத்துத் துவாரத்தை அடைத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் பம்ப்பைக் கழற்றியதும் வண்டி நன்றாக ஓடுகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? இல்லை, காரணத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் உள்ள எஞ்சினில் டைவர்ட்டர் வால்வு போர்ட் பக்கமே சிக்கிக்கொண்டால், பம்ப்பின் காற்று சென்சாருக்கு முன்னால் எந்நேரமும் கலக்கும். ஆக்சிஜன் மிஞ்சுகிறது, எரிபொருள் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து இன்னும் பெட்ரோலை ஊற்றும். பிளக் கறுக்கும், மைலேஜ் சரியும். பம்ப்பைக் கழற்றியதும் இது நின்றுவிடும். ஆனால் பழுது இருந்தது வால்விலோ அதை இயக்கும் வேக்கம் ஹோஸிலோதான். வெடித்துப்போன கால் அங்குல ரப்பர் ஹோஸை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும்.

சட்டம் சொல்வது

அமெரிக்காவில் சாலையில் ஓடும் வண்டியில், மாசுக் கட்டுப்பாட்டுக்காகத் தொழிற்சாலை பொருத்திய எதையும் தெரிந்தே கழற்றுவதும் செயலிழக்கச் செய்வதும் மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படி தடை. பழுதுபார்க்கும் கடைகளுக்கு என்றிருந்த இந்தத் தடையை 1990-ஆம் ஆண்டுத் திருத்தம் தனி ஆட்களுக்கும் விரித்தது. ‘என் மாநிலத்தில் புகைச் சோதனையே கிடையாது’ என்பதும் ‘வண்டிக்கு 25 வயது ஆகிவிட்டது, சோதனையிலிருந்து விலக்கு’ என்பதும் இதற்குப் பதில் ஆகாது. சோதனையிலிருந்து விலக்கு வேறு, கழற்ற அனுமதி வேறு. டெக்சஸில் 25 ஆண்டைத் தொட்ட வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை. கலிஃபோர்னியாவில் 1975-உம் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் வண்டிகளுக்கு இல்லை. 1976-உம் அதற்குப் பிந்தையதுமானவற்றுக்கு உண்டு, அதில் சோதனை செய்கிறவர் பானட்டைத் திறந்து சாமான்கள் இருக்கின்றனவா, பெல்ட் ஓடுகிறதா என்று கண்ணாலும் பார்ப்பார்.

அதே சட்டம் ஒரு வழியும் விட்டிருக்கிறது. பழுதுபார்க்கவோ புதிது மாற்றவோ தற்காலிகமாகக் கழற்றலாம், வேலை முடிந்ததும் அமைப்பு பழையபடி இயங்க வேண்டும். கீழே வரும் பைபாஸை அந்தக் கண்ணோடு படியுங்கள். சிக்கிய பம்ப்போடு வண்டியைக் கடைக்கு ஓட்டிச் செல்ல, மாற்று பம்ப் வரும்வரை சமாளிக்க, அல்லது சாலையை விட்டே போய்விட்ட எஞ்சினுக்கு: தோட்டத்தில் தண்ணீர் இறைக்க நிறுத்தியது போன்றவை.

முதலில் பம்ப்தானா என்று பாருங்கள்

பம்ப் போகும்போது கிரீச்சிடும், கடகடக்கும், கடைசியில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பெல்ட் அதன் மேல் உராய்ந்து ரப்பர் புகை கிளம்பும். ஒரே நீளப் பெல்ட் எல்லாவற்றையும் ஓட்டும் எஞ்சினில் அந்தப் பெல்ட் அறுந்தால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஸ்டியரிங் மூன்றும் ஒருசேரப் போகும். சாலையோர பைபாஸ் என்ற பேச்சே இதனால்தான் எழுகிறது.

சத்தம் எதிலிருந்து என்று தெரிய, குளிர்ந்த எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் ஓடாது, ஆகவே அதற்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றால் பெல்ட்டில் ஓடும் ஏதோ ஒன்றுதான். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுழற்றுங்கள். ஏர் பம்ப்பைக் கையால் சுற்றும்போது லேசாகக் கீச்சிடுவது வழக்கம்தான், அதைக் கேட்டு எண்ணெய் விட்டுவிடாதீர்கள். உள்ளே எண்ணெய் போனால் இறக்கைகள் கெட்டுப்போகும். சொரசொரப்பாக மாட்டி மாட்டிச் சுற்றினாலோ, சுற்றவே மறுத்தாலோதான் பழுது.

பம்ப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வேலை செய்கிறதா என்ற சந்தேகம் என்றால், வெளியேறும் ஹோஸைக் கழற்றி எஞ்சினை ஓட்டுங்கள். ஐடிலில் கையில் காற்று படும், நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு ஏற்றினால் அது தெளிவாகக் கூட வேண்டும். டைவர்ட்டரைப் பார்க்க ஹோஸை மாட்டிவிட்டு, கார்புரேட்டர் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை ஏற்றி சட்டென்று விடுங்கள். வால்வின் வெளித்துவாரத்தில் ஓரிரு வினாடி காற்று சீறி நிற்கும். சீறவே இல்லையென்றால் அதற்கு வரும் வேக்கம் ஹோஸைக் கழற்றி விரல் வைத்துப் பாருங்கள், இழுப்பு இருக்க வேண்டும்.

செக் வால்வைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். அதை மாட்டியிருந்த ரப்பர் ஹோஸின் முனையைக் கவனியுங்கள். பொரிந்து, கல்லாகி, உள்பக்கம் கரி படிந்திருந்தால் புகை திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது வால்வின் திறந்த வாய்க்கு அருகே கையைக் கொண்டுபோனால் ‘பஃப் பஃப்’ என்று சூடு அடித்தாலும் அது செத்த வால்வு. கையை ஒட்டி வைத்துவிடாதீர்கள். எரிந்த செக் வால்வை அப்படியே விட்டுப் புது பம்ப்பை மாட்டுவது காசைக் கரியாக்கும் வேலை. பழையதைக் கொன்ற அதே சூடான புகை புதியதற்குள்ளும் போகும்.

பெல்ட் பக்கத்து வேலை

வி-பெல்ட் எஞ்சினில் பம்ப்புக்குத் தனிப் பெல்ட் இருந்தால் அதைக் கழற்றினால் போதும். ஆனால் கழற்றிய பின் மிச்சமிருக்கும் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்து பாருங்கள்: வாட்டர் பம்ப் ஓடுகிறதா, ஆல்டர்னேட்டர் ஓடுகிறதா. சில அமைப்புகளில் ஒரே பெல்ட் பம்ப்பையும் வேறொன்றையும் சேர்த்து ஓட்டும்.

நீளப் பெல்ட் எஞ்சினில்தான் தலைவலி. பம்ப் புல்லியைத் தவிர்க்க இரண்டு வழி: சின்னப் பெல்ட்டைப் போடுவது, அல்லது பம்ப் இருந்த இடத்தில் எதையும் ஓட்டாமல் சும்மா சுழலும் ஐட்லர் புல்லியை மாட்டிப் பழைய பெல்ட்டையே ஓட்டுவது. ஐட்லர்தான் நல்லது. பெல்ட் போகும் பாதை மாறாது, மற்ற புல்லிகளில் பெல்ட் தழுவும் அளவும் மாறாது. வரிப்பள்ளம் உள்ள பக்கம் புல்லியைத் தொடுகிறது என்றால் வரி உள்ள புல்லி, முதுகுப் பக்கம் தொடுகிறது என்றால் வழவழப்பான புல்லி. மற்ற புல்லிகளோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள். 1/16 அங்குலத்துக்கு மேல் விலகினால் பெல்ட் ஓரம் பிரியும். பல ஐட்லர்களில் உள்ளே இருப்பது சாதாரண 6203 பேரிங், எங்கும் கிடைக்கும்.

சின்னப் பெல்ட் வழிக்குப் போனால் பாதையை முதலில் தாளில் வரையுங்கள். இங்கே நடக்கும் மோசமான தவறு, பெல்ட்டின் தப்பான பக்கம் வாட்டர் பம்ப்பில் விழுந்து அது எதிர்த்திசையில் சுற்றுவது. எஞ்சின் ஓடும், சத்தமும் வராது, சிறிது நேரத்தில் சூடு ஏறிவிடும். பழைய பாதையில் எந்தப் புல்லியை வரிப்பக்கம் தொட்டதோ புதுப் பாதையிலும் அதை வரிப்பக்கமே தொட வேண்டும். ஆல்டர்னேட்டரைப் பெல்ட் லேசாக உரசிப் போகும்படி பாதை அமைந்தால் ஹெட்லைட் போட்டதும் வழுக்கிக் கத்தும். அந்தப் பாதை வேண்டாம்.

நீளம் அளக்க, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை அதன் வீச்சின் நடுவில் நிறுத்தி, நீளாத கயிறைப் புதுப் பாதையில் சுற்றி எடுங்கள். பெல்ட் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் தடுமாற வேண்டாம். 6பிகே2345 என்றால் 6 வரி, 2,345 மில்லிமீட்டர் நீளம். அதுவே அமெரிக்க எண்ணில் கே060923: 06 வரி, 92.3 அங்குலம். கயிற்றின் அளவுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சைஸ் வாங்கி, மாட்டிப் பார்த்து, டென்ஷனரின் குறி இரண்டு எல்லைக் கோடுகளுக்கு நடுவில் விழும் பெல்ட்டை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவதாக ஒரு தந்திரமும் உண்டு. பம்ப்பின் இறக்கைகளைப் பிடுங்கிவிட்டு வெறும் கூட்டை ஐட்லராகச் சுழலவிடுவது. கெட்டுப்போவது பெரும்பாலும் பேரிங்தான் என்பதால் சத்தம் தீராது. பரிசோதகர் கண்ணில் மண் தூவ மட்டுமே உதவும். அதைச் செய்யும் உழைப்பில் மறுசீரமைத்த பம்ப் ஒன்றை மாட்டிவிடலாம்.

எக்ஸாஸ்ட் பக்கத்துத் துவாரங்கள்

ஓரிரு நாள் சமாளிப்பு என்றால், செக் வால்வு நல்லது என்று உறுதியானபின் குழாய்களைத் தொடவே வேண்டாம். ஓடாத பம்ப், மாட்டிய ஹோஸ், மூடிய வால்வு: அப்படியே இருக்கட்டும்.

நீண்ட நாளைக்கு என்றால் ரப்பரை நம்பக் கூடாது. இரும்புப் பக்கத்தில் இரும்பாலேயே அடைக்க வேண்டும். திறந்து விட்டால் இரண்டு ஆபத்து. ஒன்று, கார்பன் மோனாக்சைடு பானட்டுக்குள் கசிந்து ஹீட்டர் வழியாக கேபினுக்குள் வரும். வாசனை இல்லாத நஞ்சு அது. மற்றது நுட்பமானது. எக்ஸாஸ்டில் அழுத்தம் சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் ஒரு கணம் வெளிக்காற்றை உள்ளிழுக்கும். பம்ப்பே இல்லாமல் இந்த இழுப்பை வைத்தே காற்று சேர்க்கும் அமைப்புகளும் உண்டு. நம் ஊர் நாலு ஸ்ட்ரோக் பைக்குகள் பலவற்றில் இருப்பது அதுதான். ஆகவே திறந்த குழாய் புகையைக் கக்குவதோடு காற்றையும் உறிஞ்சும், சென்சார் ஏமாறும், முன்னே சொன்ன அதே பெட்ரோல் விரயம் திரும்பி வரும். ‘டிக் டிக்’ என்ற சத்தம் கூடுதல் பரிசு.

ஃபோர்டின் 5.0 லிட்டர் வி8-இல் பல சிலிண்டர் ஹெட்களின் பின்முகத்தில், கேபின் சுவரை ஒட்டி, காற்றுக் குழாய்க்கான துவாரம் இருக்கும். இரு பக்க ஹெட்களையும் இணைத்து ஒரு குறுக்குக் குழாய் ஓடும். அதைக் கழற்றினால் 5/8 அங்குல, 11 மரை போல்ட் அதில் பொருந்தும். முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குல நீளம் போதும், நீளமானது அடியில் முட்டி நின்றுவிட்டு இறுகியதுபோல் ஏமாற்றும். மரையில் தாமிரமோ நிக்கலோ கலந்த ஆண்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை) பூசுங்கள், இல்லாவிட்டால் பின்னொரு நாள் திரும்ப எடுக்க முடியாது. சின்ன ஸ்டப்பி ராட்செட்டும் பொறுமையும் வேண்டிய இடம் இது. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கையை விடுங்கள்.

ஷெவ்ரோலெவின் சிறிய வி8-இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் நட்டோடு இறங்கும். முப்பது நாற்பது வருடத் துரு. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டோடு குழாயும் முறுக்கி ஒடியும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். அசையாவிட்டால் கேஸ் டார்ச்சால் நட்டைச் சூடாக்கி, ஆறும்போது மறுபடி எண்ணெய். குழாயைத் திரும்பப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் நட்டுக்கு மேலே அறுத்துவிட்டு ஆறுமுக சாக்கெட்டை முழுசாக இறக்கித் திருகுவது பாதுகாப்பு. அடைக்கும் பிளக்கின் மரை ஆண்டுக்கு ஆண்டு, மேனிஃபோல்டுக்கு மேனிஃபோல்டு மாறும். கழற்றிய நட்டைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள், இரும்பு பிளக்காக.

பிளக் வாங்காமல், நட்டைக் கழற்றி உள்ளே ஒரு சென்ட் நாணயத்தை வைத்துத் திரும்ப முடுக்கிவிடும் பழைய கை வைத்தியத்தையும் யாராவது சொல்வார்கள். 1982-க்கு முந்தைய சென்ட் பெரும்பாலும் தாமிரம். அந்த ஆண்டில் இரு வகையும் உண்டு, அதன் பிறகு அடித்தவை தாமிர முலாம் பூசிய துத்தநாகம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். மலையேற்றத்தில் சுமையோடு போகும்போது நாணயம் ஒழுகிப் போய்விடும்.

கன்வெர்ட்டருக்குப் போகும் கீழ்க்குழாயை மறந்துவிடாதீர்கள். அதன் செக் வால்வைக் கழற்றி, குழாயின் மரைக்கு ஏற்ற இரும்பு மூடியைப் போடலாம். குழாயைச் சுத்தியலால் நசுக்கி மடிப்பது பார்க்க அடைத்ததுபோல் இருக்கும். மடிந்த இடம் விரிசல் விட்டுக் கசியும், திரும்ப மாட்டவும் வழி இருக்காது. கன்வெர்ட்டர் இருந்து காற்று இல்லையென்றால் இரண்டாவது அடுக்கு வேலை செய்யாது. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எகிறும். கலவை கொஞ்சம் கெட்டியாக ஓடும் எஞ்சினில் அழுகிய முட்டை நாற்றமும் வரும்.

வேக்கமும் வயரும்

டைவர்ட்டருக்கு வந்த வேக்கம் ஹோஸ்களை எஞ்சின் பக்கத்தில் ரப்பர் மூடியால் அடையுங்கள். ஒன்று திறந்திருந்தாலும் ஐடில் ஏறி இறங்கும். எது எங்கே போனது என்று காகித டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் வண்டியில் சோலனாய்டுகளின் வயரைப் பிடுங்க வேண்டாம். வயர் மாட்டியிருக்கும்வரை சர்க்யூட் பழுது என்ற குறியீட்டு எண் வராது. பம்ப் இல்லாததை மட்டும் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். ஃபோர்டின் இ.இ.சி.-4 கம்ப்யூட்டர் அமைப்பில், ஓடும் எஞ்சினில் சுயசோதனை போட்டால் 44 என்றும், இரண்டு சென்சார் உள்ள வண்டியில் 94 என்றும் வரும். காற்றை ஊதி, சென்சாரில் மாற்றம் தெரிகிறதா என்று அது பார்க்கிறது. 1996 முதல் வந்த, ஓ.பி.டி.-2 என்ற பொதுவான பழுதறியும் முறை உள்ள வண்டிகளில் அதுவே பி0410 ஆகி எஞ்சின் விளக்கையும் எரியவிடும்.

எல்லாம் முடிந்ததும் பத்து நிமிடம் ஓட்டி, டெம்பரேச்சர் முள்ளையும் சார்ஜ் மீட்டரையும் பாருங்கள். பெல்ட் ஆடாமல் ஓடுகிறதா, அடைத்த இடங்களில் கரிக்கோடு விழுகிறதா என்று கவனியுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடத்தில்தான் எக்ஸாஸ்ட் கசிவு காதில் நன்றாகக் கேட்கும். உலோகம் சூடாகி விரிந்ததும் அடங்கிவிடும்.

பம்ப்பைத் திரும்ப மாட்டும்போது

மறுசீரமைத்து விற்கப்படும் பம்ப் இன்னும் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. புல்லி பெரும்பாலும் கூட வராது, பழையதை மாற்றிப் போட வேண்டும். புல்லியின் போல்ட்டுகளை, பம்ப் பெல்ட்டோடு வண்டியிலேயே இருக்கும்போது தளர்த்துங்கள். கழற்றிய பிறகு வைஸில் இடுக்கித் திருகினால் அலுமினியக் கூடு நசுங்கும். வி-பெல்ட்டை இறுக்க பம்ப்பின் உடம்பில் கம்பியை வைத்து நெம்புவதும் அதே கதிதான், தாங்கியில் மட்டும் நெம்புங்கள். செக் வால்வுகளையும் பொரிந்த ஹோஸ்களையும் கூடவே மாற்றிவிடுங்கள். ஹோஸ் வாங்கும்போது ஹீட்டர் ஹோஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், எமிஷன் ஏர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். புது பம்ப் முதல் சில மணி நேரம் லேசாகக் கீச்சிடும், அதற்கும் எண்ணெய் வேண்டாம்.